உளமருத்துவத்தில் வினாவும் மருந்தும்



நோய் என்றவுடன் நமக்கு உடம்பே நினைவுக்கு வருகின்றது. காய்ச்சல் கண்டவரை மருத்துவர் எவ்வாறு பரிசோதிப்பார் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். நாடி பார்ப்பார், வெப்பமானி வைப்பார், நெஞ்சிலே குழாயை வைத்துக் கேட்பார். ஆனால், உள்ளத்தில் நோயுற்ற ஒருவர் உளமருத்துவரிடம் சென்றால் அங்கே என்ன நிகழும் என்பது கற்றவர்களுட் பலருக்குந் தெரியாது. தெரியாமையிலிருந்து அச்சம் பிறக்கின்றது. அச்சத்தினால் மருத்துவரிடஞ் செல்வது தாமதமாகின்றது. தாமதத்தினால் நோய் முற்றுகின்றது.

பாடசாலை அதிபராயிருப்பவரிடம் பெற்றோர் பாடங்களைப் பற்றி மாத்திரம் பேச வருவதில்லை. சில வேளைகளில் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலிலே வேறு வினாக்களையுங் கேட்பார்கள். "பிள்ளையை மனநோய் வைத்தியரிடம் காட்டச் சொல்கிறார்கள், சேர். அங்கே என்ன கேட்பார்கள்? பைத்தியம் என்று எழுதிவிடுவார்களா? மருந்து தொடங்கினால் ஆயுள் முழுவதும் விட முடியாதாமே?" இவை எளிய வினாக்கள் போலத் தோன்றினும், ஒரு குடும்பத்தின் எதிர்காலமே இவற்றில் தங்கியிருத்தல் கூடும்.

இவ்வினாக்களுக்கு விடை வரலாற்றிலே உளது. இன்று உளமருத்துவர் கேட்குங் கேள்விகளும், அவர் எழுதித் தரும் மருந்தின் அளவும் ஒரே நாளில் வகுக்கப்பட்டவை அல்ல. அவற்றுட் பல, ஏதோ ஓரிடத்தில் யாரோ பட்ட துன்பத்தின் பயனாகக் கற்றுக்கொள்ளப்பட்ட பாடங்கள். அந்த வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

கேள்வியே இல்லாதிருந்த காலமொன்று இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் மனநோயாளர் அடைத்து வைக்கப்பட்டனர். பலர் சங்கிலியாற் பிணிக்கப்பட்டனர். பாரிஸ் நகரத்தையடுத்த பிசேத்தர் விடுதியும் அத்தகையதே. அங்கே 1793ஆம் ஆண்டில் மருத்துவராக நியமனம் பெற்றவர் பிலிப் பீனெல் என்பவர். அவருக்கு முன்னரே அங்கு மேற்பார்வையாளராய் இருந்தவர் பியூசேன். இவர் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். கண்டமாலை நோயோடு அவ்விடத்துக்கு வந்து, குணமடைந்து, அங்கேயே பணியாளராகத் தங்கிவிட்டவர். 1797இல் பிசேத்தரிலே சங்கிலிகளைக் கழற்றுவித்தவர் இந்தப் பியூசேனே. பின்னாளில் ஓவியர்கள் அப்புகழைப் பீனெலுக்கே சூட்டிவிட்டார்கள். எனினும் பீனெலுக்கு உரிய பெருமை ஒன்று உண்டு. கல்வியிற் குறைந்த ஒரு பணியாளர் நோயாளருடன் பழகிப் பழகி அறிந்தவற்றை அவர் மதித்துக் கற்றார். தாமும் நோயாளர் அருகில் அமர்ந்தார். அவர்கள் சொல்வதைக் கேட்டார். கேட்டதையுங் கண்டதையும் குறித்து வைத்தார். 1801ஆம் ஆண்டளவில் அவர் வெளியிட்ட நூலுக்கு அக்குறிப்புகளே அடிப்படையாயின. உளமருத்துவப் பரிசோதனை, சங்கிலி கழன்ற இடத்திலே தொடங்கியது என்று கூறுதல் மிகையாகாது.

நமது நாட்டின் நிலை வேறாயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கில அரசாங்கம் பொரளையிலே மனநோயாளருக்கென ஒரு விடுதியை நிறுவியது. 1873ஆம் ஆண்டிலே மனநோயாளரைப் பற்றிய கட்டளைச் சட்டம் ஒன்று பிறந்தது. அச்சட்டத்தின்படி, ஒருவரது மனநிலையை மாவட்ட நீதிமன்றம் விசாரணை செய்து தீர்மானித்தது. மருத்துவரின் சாட்சியம் அவ்விசாரணையில் ஓர் உறுப்பு மாத்திரமே. ஆகவே அக்காலத்திற் கேட்கப்பட்ட கேள்வி, "உமக்கு என்ன துன்பம்?" என்பதன்று, "இவர் பைத்தியந்தானா? இவரை அடைத்து வைக்க வேண்டுமா?" என்பதே. கேட்டவரும் நோயாளியைப் பார்த்துக் கேட்கவில்லை. அவரைப் பற்றி மற்றவர்களிடமே கேட்டார். "பைத்தியம் என்று எழுதிவிடுவார்களா?" என்று இன்று ஒரு தாய் அஞ்சுகின்றாளெனின், அவ்வச்சம் அந்த நீதிமன்ற விசாரணைக் காலத்தின் எச்சமே எனலாம். அச்சட்டத்தின் பெயர் 1956இல் மனநோய்க் கட்டளைச் சட்டம் என மாற்றப்பட்டது. பெயர் மாறினும், மக்கள் மனத்திலிருந்த அச்சம் மாறவில்லை.

1920களிலே அங்கொடையிற் பெரிய மனநோய் வைத்தியசாலை எழுந்தது. எழுந்த சில ஆண்டுகளிலேயே அது நெருக்கடிக்குள்ளாயிற்று. இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையின் தலைமை மருத்துவரான எட்வேட் மேப்பதர் 1937இல் இலங்கைக்கு வந்து, இங்குள்ள நிலைமையை ஆராய்ந்து, கடுமையான குறைகளை எடுத்துக்காட்டி அறிக்கை சமர்ப்பித்தார். நோயாளரை அடைத்து வைப்பதை விட்டு, அவர்கள் வந்து பார்த்துவிட்டு வீடு திரும்பக்கூடிய சிகிச்சை நிலையங்கள் வேண்டும் என்னும் எண்ணம் அக்காலந் தொட்டே இங்கு வேரூன்றத் தொடங்கியது. "அங்கொடை" என்ற ஊர்ப்பெயரை வசைச் சொல்லாக வழங்கும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. ஓர் ஊரின் பெயரையே வசையாக்கியவர்கள், அவ்வூருக்குச் சிகிச்சைக்காகச் சென்றவர்களை எவ்வாறு நடத்தியிருப்பார்கள் என்பதை நேயர்களே உய்த்துணரலாம். அங்கொடை வைத்தியசாலை இன்று தேசிய மனநல நிறுவகம் என்னும் பெயரோடு இயங்குகின்றது.

இனி, முதலாவது வினாவுக்கு வருவோம். அங்கே என்ன கேட்பார்கள்?

முதலிற் கேட்கப்படுவது, இப்பொழுது வருத்துவது யாது, அஃது எப்பொழுது தொடங்கியது, எவ்வாறு வளர்ந்தது என்பது. இக்கேள்வியை உளமருத்துவத்தின் நடுநாயகமாக்கியவர் ஜேர்மனிய மருத்துவரான எமில் கிரேப்பலின். அவர் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்திருந்தார். நோயின் தொடக்கம், போக்கு, முடிவு ஆகியவற்றை ஆண்டுக்கணக்காக அதிற் குறித்து வந்தார். ஒரு நாளையத் தோற்றத்தைக் கொண்டு நோய்க்குப் பெயரிடலாகாது என்பது அவர் கண்ட உண்மை. ஒரே பரீட்சைத் தாளைக் கொண்டு ஒரு மாணவனின் அறிவை முற்றும் அளந்துவிட இயலாதது போன்றதே இதுவும். மனப்பிளவு என்று பின்னர் பெயர் பெற்ற நோயையும், எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் நோயையும் வெவ்வேறாகப் பிரித்து 1899இல் அவர் தமது பாடநூலின் ஆறாம் பதிப்பிலே விளக்கினார். இருவரும் ஒருநாள் ஒரே விதமாகக் கூச்சலிடலாம், ஆயினும் அவர்களின் நோயின் கதை வேறு, மருந்தும் வேறு. இதனாலேயே, "முன்னர் இவ்வாறு வந்ததுண்டா? இதற்கு எதிர்மாறாக, உறக்கமின்றி அளவுக்கு மிஞ்சிய உற்சாகத்தோடு இருந்த நாட்கள் உண்டா?" என்று மருத்துவர் வினவுகின்றார். சோர்வோடு வந்தவரிடம் உற்சாகத்தைப் பற்றிக் கேட்பது வேடிக்கையன்று. அதற்குரிய விடையைப் பொறுத்தே மருந்து தெரிவு செய்யப்படும்.

அடுத்து, வாழ்க்கையைப் பற்றிக் கேட்பார்கள். பிறப்பு, வளர்ப்பு, கல்வி, தொழில், மணவாழ்க்கை, இழப்புகள், குடும்பத்தில் வேறெவருக்கேனும் இத்தகைய நோயிருந்ததா என்பவை. இது வீண் விடுப்பு அறிதல் அன்று. சுவிற்சலாந்திற் பிறந்து அமெரிக்காவிலே குடியேறிய அடோல்ப் மேயர் என்பவர், 1913இல் திறக்கப்பட்ட போல்ற்றிமோர் நகர உளமருத்துவ நிலையத்தின் தலைவராயிருந்து, நோயாளியின் வாழ்க்கை முழுவதையும் ஆண்டுவாரியாக ஒரு தாளில் எழுதும் முறையைப் பரப்பினார். உடலுக்கு வந்த நோய்கள் ஒருபுறம், வாழ்வில் நேர்ந்த நிகழ்ச்சிகள் மற்றொருபுறம், உள்ளத்தின் மாற்றங்கள் வேறொருபுறம் என அவை ஒன்றையொன்று ஒட்டி நிற்கும்போது, தனித்துப் பார்த்தால் விளங்காதவை விளங்கிவிடும். போரினால் இடம்பெயர்ந்தும், உற்றாரை இழந்தும் வாழ்ந்த நம் மக்களுக்கு இந்த முறையின் பெறுமதியை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நம்மவரான பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் மக்களின் மனத்தில் இட்ட வடுக்களைப் பற்றி 1998இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார்.

மூன்றாவதாக, உடலைப் பற்றிக் கேட்பார்கள். இரத்தத்தைப் பரிசோதிக்கவும் அனுப்புவார்கள். "மனநோய்க்கு வந்த இடத்தில் இரத்தம் எதற்கு?" என்று சிலர் சினப்பதுண்டு. இதற்கும் ஒரு கதை உண்டு. முற்காலத்து மனநோய் விடுதிகளிலே பைத்தியமும் பக்கவாதமுஞ் சேர்ந்து இறந்தோர் பலர். அவர்களுட் பெருந்தொகையினர் உண்மையில் மேகநோய் மூளையைத் தாக்கியதால் மாண்டவர்கள் என்பது, 1913இல் நொகுச்சி, மூர் என்னும் இருவர் அவர்களின் மூளையில் அக்கிருமியைக் கண்டபோது ஐயமற நிறுவப்பட்டது. 1949இலே றிச்சாட் ஆசர் என்னும் இலண்டன் மருத்துவர் பதினான்கு நோயாளரின் விவரங்களை வெளியிட்டார். அவர்களின் மனக்குழப்பத்துக்குக் காரணம் கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பியின் குறைபாடே. அச்சுரப்பியின் சாரத்தைக் கொடுத்தவுடன் பலர் தெளிவடைந்தனர். ஒரு சிறு பரிசோதனை செய்யாது விட்டிருந்தால் அவர்கள் விடுதியிலேயே வாழ்நாளைக் கழித்திருப்பார்கள். ஆகவே, உடல்நோய் மனநோயின் வேடம் புனைந்து வந்திருக்கின்றதா என்று பார்ப்பது மருத்துவரின் கடமை.

இவற்றோடு, பேசிக்கொண்டிருக்கும்போதே மருத்துவர் வேறு பலவற்றையுங் கவனிப்பார். உடை, தோற்றம், பேச்சின் வேகம், முகத்தின் உணர்ச்சி, எண்ணங்களின் தொடர்ச்சி, இல்லாத குரல் கேட்கின்றதா என்பது, நாளும் இடமும் நினைவிலுள்ளனவா என்பது, தமக்கு நோயுண்டு என்பதை நோயாளி உணர்கின்றாரா என்பது ஆகியன அவை. "இன்று என்ன கிழமை?" என்று கேட்டால் நோயாளி அதனை அவமதிப்பாகக் கொள்ளலாகாது. அஃது எல்லாரிடமுங் கேட்கப்படும் வினா.

எல்லாரிடமும் ஒரே வகையாகக் கேட்க வேண்டும் என்பதும் அனுபவத்திற் பிறந்த விதியே. 1960களில் ஒரு வியப்பான செய்தி வெளியாயிற்று. மனப்பிளவு நோயர் என்று கணிக்கப்பட்டோர் தொகை நியூயோர்க் நகரத்தில் இலண்டனிலும் பார்க்க மிகக் கூடுதலாயிருந்தது. அமெரிக்கருக்கு அந்நோய் அதிகம் வருகின்றதா என்று ஆராய்ந்தார்கள். இரு நகரங்களிலும் ஒரே வினாத் தொகுதியைக் கொண்டு நோயாளரை மீண்டும் பரிசோதித்தபோது, வேறுபாட்டிற் பெரும்பகுதி மறைந்துவிட்டது. வேறுபட்டிருந்தவர்கள் நோயாளர் அல்லர், மருத்துவர்களே! 1972இல் வெளிவந்த இவ்வாராய்ச்சியின் பின்னர், எந்தெந்த அறிகுறிகள் எத்தனை காலம் இருந்தால் எந்தப் பெயரைச் சூட்டலாம் என்று வரையறுக்கும் முயற்சி வலுப்பெற்றது. 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிட்ட கைந்நூலின் மூன்றாம் பதிப்பு அவ்வாறு எழுந்ததே. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராம் திருத்தம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. "பைத்தியம் என்று எழுதிவிடுவார்களா?" என்ற தாய்க்கு இங்கே விடை கிடைக்கின்றது. அப்பட்டியலில் பைத்தியம் என்றொரு நோய் இல்லை. மனச்சோர்வு உண்டு, பதகளிப்பு உண்டு, அவை போன்ற வேறு பலவும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வரையறை உண்டு, சிகிச்சை உண்டு, புதிய செய்திகள் தெரியவரின் கணிப்பை மாற்றவும் இடமுண்டு.

ஒரு கேள்வியைத் தனித்துச் சொல்ல வேண்டும். "வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுவதுண்டா? உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததுண்டா?" என்று மருத்துவர் நேராகவே கேட்பார். உடன் சென்ற பெற்றோர் திடுக்கிடுவர்; "இல்லாத எண்ணத்தை இவர் பிள்ளையின் மனத்திற் புகுத்துகின்றாரே" என்று அஞ்சுவர். கேட்பதனால் அவ்வெண்ணம் புகுவதில்லை என்பதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன; சுமையை இறக்கி வைக்க ஓரிடம் கிடைத்ததென்று பலர் ஆறுதலடைகின்றனர். 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் என்ற வீதத்தில் தற்கொலைகள் நிகழ்ந்தன. அக்காலத்தில் உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் இஃது ஒன்று. கொடிய பூச்சிநாசினிகள் தடைசெய்யப்பட்டதன் பின்னர், பத்தாண்டுகளில் அது பாதியளவாகக் குறைந்தது. தற்கொலைக்கு முயலுதல் குற்றமென்றிருந்த தண்டனைச் சட்டப் பிரிவும் 1998இல் நீக்கப்பட்டது. ஆகவே, இக்கேள்விக்கு உண்மையான விடை சொல்வதற்குச் சட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. மருத்துவரிடஞ் செல்லும்வரை காத்திருக்க முடியாத நிலையில் உள்ளோர்க்கு 1926 என்னும் இலக்கத்திலே தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசிச் சேவையும் உண்டு.

இனி மருந்தின் வரலாற்றுக்கு வருவோம். நமது அயல்நாட்டிலே சர்ப்பகந்தி என்னும் மூலிகையின் வேரை, வெறியைத் தணிப்பதற்கு நெடுங்காலமாக வழங்கி வந்தனர். 1931இல் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர் கல்கத்தாவில் அதன் குணத்தை ஆராய்ந்து எழுதினர். 1950களில் அவ்வேரிலிருந்து பிரித்தெடுத்த மருந்து மேனாட்டு மனநோய் விடுதிகளிலும் வழங்கிற்று. நாளடைவில் வேறு மருந்துகள் அதன் இடத்தைப் பெற்றன.

அம்மருந்துகளுள் முதன்மையானது குளோர்ப்புரோமசீன். பிரான்சிலே சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளரை அமைதிப்படுத்துவதற்காக அதனைப் பயன்படுத்திய லபோரித் என்னும் படைமருத்துவர், அதன் தன்மையை நோக்கி, மனநோயாளருக்கும் உதவுமென்றார். 1952இல் பாரிஸ் நகரத்துச் சென்ற் ஆன் வைத்தியசாலையிலே டிலே, டெனிக்கர் என்னும் இருவர் அதனைத் தொடர்ந்து கொடுத்துப் பயன் கண்டனர். விடுதிகளின் கூச்சல் தணிந்தது. பல்லாண்டு பேசாதிருந்தவர் சிலர் பேசினர். ஆயினும் சில ஆண்டுகளுள் வேறொன்றும் புலனாயிற்று. சிலருக்குக் கைகள் நடுங்கின, உடல் விறைத்தது. நெடுங்காலம் உட்கொண்ட சிலருக்கு முகமும் நாவுந் தாமாகவே அசையத் தொடங்கின. இன்று மருத்துவர், "கைகளை நீட்டுங்கள், சற்று நடந்து காட்டுங்கள்" என்று கேட்பதும், புதிய மருந்துகள் கொடுக்கும்போது உடல் நிறையையும் இரத்தச் சீனியையும் பார்ப்பதும், அவ்வனுபவத்தின் பயன்.

மனச்சோர்வுக்கு மருந்து கிடைத்தது சுவிற்சலாந்தின் ஒரு சிற்றூரில். முன்ஸ்ரலிங்கன் என்னும் ஊரின் வைத்தியசாலையில் றோலண்ட் கூன் என்பவர், மனப்பிளவு நோய்க்கெனத் தரப்பட்ட இமிப்பிறமீன் என்ற மருந்து அந்நோய்க்கு உதவாமையையும், ஆழ்ந்த சோர்வுற்றோர்க்கு உதவுவதையுங் கண்டு 1957இல் அறிவித்தார். அவர் கையாண்ட பெருங்கருவி, நோயாளரோடு நாடோறும் உரையாடியதே. இவ்வகை மருந்து உட்கொண்ட அன்றே வேலை செய்வதில்லை. பயன் தெரியச் சில வாரங்கள் செல்லும். வாய் உலர்தல், குமட்டல் போன்ற பக்க விளைவுகளோ முதல் நாளே வருதல் கூடும். இதனை முன்கூட்டியே அறியாதவர், "மருந்து என்னைக் கெடுக்கின்றது" என்று முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுவர். இளவயதினர் சிலருக்குத் தொடக்க வாரங்களில் உயிர்மாய்ப்பு எண்ணம் மிகுதல் கூடும் என்று 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது. ஆகையால் அவ்வாரங்களிற் பிள்ளையை அடிக்கடி மருத்துவரிடம் காட்டுவதும், வீட்டார் விழிப்பாயிருப்பதும் சிகிச்சையின் பகுதியே.

"வேறு என்ன மருந்து எடுக்கின்றீர்? நாட்டு மருந்து உண்டா? என்ன சாப்பிடுகின்றீர்?" என்னுங் கேள்விகளுக்குப் பின்னாலுள்ள கதை சுவையானது. சோர்வுக்குக் கொடுக்கப்பட்ட வேறொரு வகை மருந்தை உட்கொண்ட சிலர் திடீரென்று கடுந் தலைவலியால் துடித்தனர். சிலர் இறந்தும் போயினர். இங்கிலாந்து தேசத்து மருந்தாளர் ஒருவர், தம் மனைவிக்குப் பாற்கட்டி உண்ட பின்னரே அத்தலைவலி வந்ததென்று கடிதம் எழுதினார். முதலில் அதனை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. பரி பிளக்வெல் என்ற இளம் மருத்துவர் அதனைத் தொடர்ந்து ஆராய்ந்து, 1963இல், பாற்கட்டியிலுள்ள பொருளொன்று அம்மருந்தோடு சேர்ந்து இரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றது என்று நிறுவினார். மனைவியின் தலைவலியைக் கவனித்த ஒரு கணவரின் சொல் பலரின் உயிரைக் காத்தது. மருத்துவரிடம் எதையும் அற்பமென்று மறைக்கலாகாது என்பதற்கு இதனிலுஞ் சிறந்த சான்று வேண்டுமா?

மருந்தின் அளவு எத்துணை நுட்பமானது என்பதை உணர்த்துவது இலிதியத்தின் வரலாறு. ஜோன் கேட் என்ற அவுஸ்திரேலிய மருத்துவர், சிங்கப்பூரின் சாங்கிச் சிறைமுகாமில் 1942 முதல் 1945 வரை யப்பானியரின் கைதியாக இருந்தவர். நாடு திரும்பியபின் மெல்பேர்ண் நகருக்கருகே பண்டூரா வைத்தியசாலையில், வசதி குன்றிய சிற்றறையொன்றில் ஆராய்ச்சி செய்தார். இலிதிய உப்பைக் கினிப்பன்றிகளுக்கு ஏற்றியபோது அவை அமைதியடைந்தன. அதனை முதலில் தாமே உட்கொண்டு பார்த்தார். பின்னர் 1948 மார்ச்சு மாதத்தில், ஐந்தாண்டாக மன எழுச்சி நோயால் வருந்திய ஐம்பத்தொரு வயது மனிதர் ஒருவருக்குக் கொடுத்தார். சில வாரங்களில் அம்மனிதர் தெளிந்தார். சில மாதங்களில் வீடு சென்றார். பழைய வேலையையும் ஏற்றார். 1949 செப்தெம்பரில் கேட் தமது முடிவுகளை வெளியிட்டார்.

கதை அங்கே முடிந்திருந்தால் இனிதாயிருக்கும். குணமடைந்த அம்மனிதர் மருந்தை விட்டார். நோய் மீண்டது; மீண்டும் வைத்தியசாலைக்கு வந்தார். மீண்டும் மருந்து கொடுக்கப்பட்டது. இம்முறை அஃது உடலில் நஞ்சாகத் திரண்டது. 1950இல் அவர் இறந்தார். மனமுடைந்த கேட் தம் வைத்தியசாலையில் அம்மருந்தின் உபயோகத்தை நிறுத்திவிட்டார். அதே 1949இல் அமெரிக்காவில், இருதய நோயாளருக்குக் கறியுப்புக்குப் பதிலாக விற்கப்பட்ட இலிதிய உப்பினாலும் மரணங்கள் நிகழ்ந்து, அவ்வுப்பு விற்பனையிலிருந்து அகற்றப்பட்டது.

நோயைத் தீர்க்கும் அளவுக்கும் உயிரைப் போக்கும் அளவுக்கும் இடைவெளி குறுகியது என்பதே இதன் பொருள். மருந்தை எறிந்துவிடாமல் அளவை அறிந்துகொள்வதே வழியெனக் கண்டவர்கள் மெல்பேர்ணிலேயே இருந்தனர். டிரவுட்னர் என்பவரும் அவர்தம் குழுவினரும் இரத்தத்தில் இலிதியத்தின் அளவைக் கருவியால் அளந்து, 1951இல் நூற்றுக்கு மேற்பட்ட நோயாளரின் சிகிச்சை விவரங்களை வெளியிட்டனர். டென்மார்க்கில் மொகென்ஸ் சூ 1954 முதலாக முறையான சோதனைகளால் அதன் பயனை நிலைநாட்டினார். 1970இல் அமெரிக்க அரசும் அதனை ஏற்றது. இன்று இலிதியம் உட்கொள்வோருக்கு இரத்தத்தில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்குமாறு மருந்து அளவிடப்படுகின்றது. 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. அதனாலேதான் இறுதியாக மருந்து எடுத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்தின் பின் இரத்தம் எடுக்கின்றார்கள். சிறுநீரகத்தையும் தைரொயிட்டுச் சுரப்பியையும் பார்க்கின்றார்கள். வயிற்றோட்டம், கடும் வெயில், உப்பில்லா விரதம், நோவுக்குத் தாமாகவே வாங்கும் சில குளிசைகள் ஆகியவை அவ்வளவை உயர்த்திவிடும். நமது தேசத்து வெப்பத்தில் வயல்வேலை செய்வோர் இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

குளோசப்பீன் என்னும் மருந்துக்கும் இத்தகைய வரலாறே. வேறெதற்கும் அடங்காத மனப்பிளவு நோயை அது தணித்தது. ஆனால் 1975இல் பின்லாந்தில் அதனை உட்கொண்ட சிலர், இரத்தத்தின் வெள்ளணுக்கள் அற்றுப்போய் மாண்டனர். பல நாடுகள் அதனைக் கைவிட்டன. 1988இல் அமெரிக்க ஆராய்ச்சியொன்று அதன் பயனை மீண்டும் மெய்ப்பித்தபின், தவறாத இரத்தப் பரிசோதனையோடு அது திரும்பி வந்தது. இரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் அம்மருந்தை மாத்திரம் பெறமுடியாதிருப்பது ஏன் என்று சினப்போர் இதனை நினைத்தல் நன்று.

இப்பொழுது மூன்றாவது வினாவுக்கு விடை கூறலாம். மருந்தை ஆயுள் முழுவதும் விட முடியாதா? நோயைப் பொறுத்தது அது. முதன்முறை வந்த மனச்சோர்வுக்கு, குணமடைந்த பின்னும் ஏறக்குறைய ஆறு மாதமேனும் தொடரச் சொல்வது வழக்கம். அதன்பின் மருத்துவரின் ஆலோசனையோடு படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். திரும்பத் திரும்ப வரும் நோய்களுக்கு நீண்ட காலம் வேண்டியிருக்கும். நீரிழிவுக்காரர் மருந்து எடுப்பதை ஒருவரும் இழிவாகக் கருதுவதில்லை அன்றோ? அடிமைப்படுத்துமா என்ற அச்சத்துக்கும் உண்மையான விடை வேண்டும். 1960களில் பரவிய டயசிப்பாம் போன்ற அமைதிக் குளிசைகள் நெடுநாள் எடுத்தால் பழக்கமாகிவிடும் என்பது மெய்யே. ஆதலாற்றான் அவற்றைக் குறுகிய காலத்துக்கே கொடுக்கின்றனர். சோர்வு நீக்கும் மருந்துகளும் மனப்பிளவு நோய் மருந்துகளும் அவ்வகையின அல்ல. எனினும் அவற்றையுந் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் உறக்கமின்மையுந் தோன்றலாம், நோயும் மீளலாம். நிறுத்தும் எண்ணம் வந்தால் மருத்துவரிடம் ஒளிக்காமற் கூறுவதே வழி. மருந்தோடு ஆற்றுப்படுத்தலும் வேண்டியிருக்கும். சிலருக்கு ஆற்றுப்படுத்தலே போதுமானதாகும்.

2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னரும், 2005இல் வகுக்கப்பட்ட தேசிய மனநலக் கொள்கையின் பின்னரும், மாவட்டங்கள் தோறும் மனநல மருத்துவ அதிகாரிகளை நியமிக்கும் முயற்சி விரிவடைந்தது. அங்கொடைக்குப் பயணஞ் செய்தே ஆகவேண்டும் என்ற நிலை மாறி, ஆதார வைத்தியசாலைகளிலும் மனநலச் சிகிச்சை நிலையங்கள் நடைபெறுகின்றன. வழி கிட்டிவிட்டது, செல்வதற்கு மனந்தான் வேண்டும்.

திருக்குறளிலே மருந்து என்னும் அதிகாரம் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை வகுக்கின்றது. நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து துணைபுரிபவர் என்பன அவை. மேலே கூறிய வரலாற்றில் இந்நான்கும் இருந்தமையை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். பட்டம் பெறாத பியூசேனும், மனைவியின் தலைவலியைக் குறித்து வைத்த மருந்தாளரும் நான்காம் உறுப்பினரே. மருத்துவரிடஞ் செல்லும்போது உடன் செல்லுங்கள். நோய் தொடங்கிய நாளையும், எடுத்த மருந்துகளின் பெயர்களையும், கண்ட மாற்றங்களையும் ஒரு கொப்பியிலே குறித்துக்கொண்டு செல்லுங்கள். நோயுற்றவர் தனித்துப் பேச விரும்பினால் வெளியே காத்திருங்கள். வீடு திரும்பிய பின் மருந்தை நேரந் தவறாமற் கொடுங்கள். அடுத்த தவணை நாளை நாட்காட்டியிற் குறியுங்கள். அயலார் கேட்டால், "மகனுக்குச் சுகமில்லை, மருந்து எடுக்கிறார்" என்று, காய்ச்சலுக்குச் சொல்வது போலவே சொல்லுங்கள். அவ்வாறு சொல்ல நாம் பழகிக்கொண்டால், நம்மிடையே துன்புறும் பலர் காலந் தாழ்த்தாது சிகிச்சை பெறுவர்.